கொடியில் காய்ந்த டிஜிட்டல் உடுப்பும் பெட்டியில் கிடந்த ஓஜியும்: நனைந்தபோது எது தாங்கியது?

வெலிங்டன்79 எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மெட்ராஸ் ரெஜிமெண்டில் 1979 முதல் 2003 வரை இருந்தேன். ஹவில்தாராகப் பென்ஷன் வந்தேன். ஊர் வேலூர் மாவட்டத்தில். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு பட்டாளத்துக்காரராவது இருப்பார்.

அண்ணன் பேரன் போன மாதம் லீவில் வந்திருந்தான். சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. சின்னக் கட்டங்களாக அச்சிட்ட அவனுடைய புது டிஜிட்டல் யூனிஃபார்மை அவன் அம்மா துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். வெயிலே இல்லாத ஐப்பசி நாள். காலையில் போட்டது மதியச் சாப்பாட்டுக்குள் காய்ந்துவிட்டது. நான் திண்ணையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாகாலாந்தில் இருந்தபோது என் காட்டன் ஓஜி (ஆலிவ் பச்சை) சட்டை காய்வதற்கு மூன்று நாள் பிடிக்கும். காயும்வரை காத்திருக்க யாருக்கும் நேரம் கிடையாது. ஈரத்தோடு போட்டுக்கொண்டு நடப்போம்.

"சின்ன தாத்தா, நீங்க போட்டது நல்ல டிரஸ்ஸா, இது நல்ல டிரஸ்ஸா?" என்று பேரன் கேட்டான். சட்டென்று பதில் வரவில்லை. பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னேன். உள்ளே இருந்தவை: ஒரு ஓஜி காட்டன் சட்டை, ஒரு அங்கோலா சட்டை, ஒரு ஜங்கிள் ஹேட், முழங்கை கிழிந்த காமஃபிளாஜ் (உருமறைப்பு அச்சு) கோட், வெப் பெல்ட், அப்புறம் ஊசி நூல் வைக்கிற ஹவுஸ்வைஃப் பை. எல்லாவற்றையும் பாயில் பரப்பிப் படம் எடுத்துக் கீழே போட்டிருக்கிறேன்.

நம் ஆட்களிடம் எது நல்ல யூனிஃபார்ம் என்று கேட்டால் பரேடில் எடுப்பாக இருந்ததைச் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் ரெஜிமெண்ட் சென்டர் இருக்கும் வெலிங்டனில் தோபி அரிசிக் கஞ்சியில் முக்கி இஸ்திரி போட்டுக் கொடுத்தால் ஓஜி சட்டை தனியாகவே நிற்கும். கையை நுழைத்தால் சரக்கென்று பிரியும். நீலகிரிக் குளிரில் காலை ஃபாலினில் நிற்கும்போது கழுத்துப்பட்டி தோலை அறுக்கும், ஆனாலும் மனசுக்குள் ஒரு நிமிர்வு இருக்கும். அந்தச் சட்டையை மழையில் நனைத்துப் பாருங்கள். கஞ்சி கரைந்து வழவழவென்று ஆகி, இரண்டாம் நாள் புளித்த வாடை அடிக்கும். மூன்றாம் நாள் அக்குளும் தொடை இடுக்கும் உரசிப் புண்ணாகும். அட்டைப்பூச்சிக்கு உப்பு மூட்டை, புகையிலைத் தண்ணீரில் முக்கிய காலுறை என்று வழி உண்டு. ஈரத் துணி உரசுவதற்கு ஒரு வழியும் இல்லை.

1987 அக்டோபரில் இந்திய அமைதிப்படையோடு இலங்கையில் பலாலியில் இறங்கினோம். அங்கே மழை வருவதற்கு முன்பே வேர்வையில் நனைந்தோம். நனைந்த சட்டை உடம்பிலேயே காயும், மறுபடி நனையும். முதுகில் உப்புப் பூத்து, குளம் வற்றும்போது கரையில் விழும் கோடுகள் மாதிரி வெள்ளை வெள்ளையாகத் தெரியும். அதன்மேல் கேன்வாஸ் வெப்பிங் வார்கள், எஸ்எல்ஆர் துப்பாக்கி மேகஜின் பைகள். கேன்வாஸ் நனைந்தால் எடை கூடும், வார் இறுகும். நிறமும் எங்களுக்குத் தோதாக இல்லை. நாகாலாந்துக் காட்டில் ஓஜி மறைந்துவிடும். யாழ்ப்பாணத்துப் பனங்கூடல்களில், சுண்ணாம்புக்கல் மதில்களுக்கு நடுவில், அது தனியாகத் தெரிந்தது. செம்மண் படிந்த பிறகுதான் ஓரளவு ஒட்டியது.

அப்புறம் காஷ்மீர். அங்கேதான் என் அபிப்பிராயம் மாறியது. 1995 டிசம்பரில் குப்வாரா பக்கம் ஓர் இரவு ஆம்புஷில் பதுங்கிக் கிடந்தோம். பஞ்சுப் பனி இல்லை, தண்ணீராய் விழுகிற ஈரப்பனி. மேலே போட்டிருந்த காமஃபிளாஜ் காட்டன் பேண்ட் முழங்காலுக்குக் கீழே உறைந்து பலகை மாதிரி ஆகிவிட்டது. எழுந்தபோது மடக்க முடியவில்லை. ஆனால் உள்ளே போட்டிருந்த அங்கோலா சட்டை நனைந்துகூடச் சூடாகத்தான் இருந்தது. அங்கோலா என்பது கம்பளியும் பருத்தியும் கலந்து நெய்த துணி. வெலிங்டனில் அதை முதலில் கொடுத்தபோது அரிக்கிறது என்று அத்தனை பேரும் முனகினோம். அந்த இரவுக்குப் பிறகு ஒருநாளும் அதைக் குறை சொன்னதில்லை. பேரன் கேட்ட கேள்விக்கு என் பதில் அங்கோலாதான்.

உங்களிடம் கேட்பது இதுதான். நீங்கள் எந்த வருஷங்களில் என்ன உடுத்தினீர்கள்? நனைந்தபோது அது என்ன செய்தது, எங்கே கிழிந்தது? பரேடு, படம் எல்லாம் வேண்டாம். களத்தில் எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.

*

பீரங்கி64 எழுதியது:

தம்பி, நான் உங்களுக்கும் மூத்தவன். 1964-ல் நாசிக் ரோடு பீரங்கிப் பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். நான் சொல்லச் சொல்லப் பேத்தி டைப் செய்கிறாள்.

அங்கோலாவைப் பற்றி எழுதியதைப் படித்தபோது என் பயிற்சி உஸ்தாத் ஞாபகம் வந்தது. 1962 சீனப் போரில் வடகிழக்கு எல்லையில் இருந்தவர். காட்டன் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு முகம் மாறும். நம்கா சூ ஆற்றங்கரையில் 7-வது பிரிகேடு நின்றது பத்தாயிரம் அடிக்கும் மேலே, அக்டோபரில். நிறையப் பேருக்குக் கோடைக்கால காட்டன் உடுப்பும் கேன்வாஸ் ஷூவும்தான் இருந்தன. குளிரும் ஈரமும் ஆட்களை முடக்கியது ஒரு பக்கம், எதிரி ஒரு பக்கம். "காட்டன் நனைஞ்சா உன் சூட்டை அது குடிச்சிடும்" என்று அவர் அரைகுறைத் தமிழில் சொல்வார். நாங்கள் சேர்ந்த காலத்தில் ஸ்டோரில் கம்பளி விஷயத்தில் கஞ்சத்தனமே இல்லை. ஜெர்சி, அங்கோலா, கேப் கம்ஃபர்ட்டர் என்ற கம்பளிக் குல்லா, கிரேட்கோட் எல்லாம் வந்தன. அந்த ஆட்கள் பட்ட பாட்டுக்குப் பிறகுதான் எங்களுக்கு அது கிடைத்தது. அதை மறக்கக் கூடாது.

சீனப் போர் நடந்தபோது ஊர் ஊராகப் பெண்கள் ஜவான்களுக்கு ஸ்வெட்டர் பின்னி அனுப்பினார்கள். 65-லும் எங்கள் பீரங்கிப் பேட்டரிக்கு அப்படி ஒரு மூட்டை வந்தது. எனக்குக் கிடைத்தது ஒரு மஃப்ளர், அரக்கு நிறம். யூனிஃபார்மில் சேராத நிறம் என்பதால் சட்டைக்குள் சுற்றிக்கொள்வேன். யார் பின்னியது என்று தெரியாது. ஒரு முனையில் பின்னல் கண் விட்டுப்போய் முடிச்சுப் போட்டிருந்தது. இருபது வருஷம் வைத்திருந்தேன்.

நீங்கள் பூட்ஸைப் பற்றி எழுதவில்லை. எங்கள் காலத்தில் அம்யூனிஷன் பூட்ஸ். தோல் அடி, அதில் இரும்பு ஆணி, குதிகாலில் லாடம். சிமெண்ட் தரையில் ஒரு பேட்டரி நடந்தால் கோயில் தேர் வருகிற மாதிரி அதிரும். பாறையில் ஏறினால் வழுக்கும். உறைபனியில் நின்றால் அந்த ஆணிகள் வழியாகவே குளிர் பாதத்துக்கு ஏறும். ராத்திரி ரோந்துக்கு அந்தச் சத்தமே ஆபத்து. சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு போவதும் உண்டு.

71 போரில் கிழக்கு பாகிஸ்தானில் ஜெசூர் பக்கம் இருந்தேன். டிசம்பர் 7-ல் ஜெசூர் நம் கைக்கு வந்தது. அந்த மண்ணைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அறுவடை முடிந்த வயலில்கூட 25 பவுண்டர் பீரங்கிச் சக்கரம் அச்சுவரை இறங்கும். தள்ளுவது நாங்கள்தான். முழங்கால்வரை சேறு. தோல் பூட்ஸ் தண்ணீர் குடித்து ஒவ்வொரு காலும் ஒரு செங்கல் எடை ஆகும். கேன்வாஸ் ஜங்கிள் பூட் வைத்திருந்த காலாட்படை ஆட்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். நடக்க நடக்க அதில் தண்ணீர் வெளியேறிவிடும். ஓஜி சட்டை சேற்றில் ஊறி, காய்ந்து, மறுபடி ஊறிச் சட்டையின் சொந்த நிறமே மறந்துபோனது. பாகிஸ்தான் படை சரணடைந்த டிசம்பர் 16-க்கு நாலு நாள் கழித்து ஒரு குளத்தில் துவைத்தபோதுதான் அது பச்சை என்று ஞாபகம் வந்தது. அதுவரை கிழியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பழைய ஓஜி காட்டன் கெட்டித் துணி. பென்ஷன் வந்தபின் அந்தப் பேண்டைப் போட்டுக்கொண்டு பத்து வருஷம் ஏர் உழுதேன்.

பூட்ஸுக்கு என் பதில் ஜங்கிள் பூட். சட்டைக்கு நீங்கள் சொன்னதே.

*

பெங்களூர்_தம்பி எழுதியது:

வணக்கம் அண்ணே, வணக்கம் ஐயா. நான் ராணுவப் பொறியியல் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ், 1988 முதல் 2012 வரை. எங்கள் பெங்களூர் சென்டரில் எல்லோருமே தம்பிதான் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் இந்தப் பெயர்.

எங்கே கிழிந்தது என்று கேட்டீர்கள். எங்களுக்கு எப்போதும் முழங்கையும் முழங்காலும்தான். கண்ணிவெடி தேடுவது என்றால் படுத்தபடி ஒவ்வொரு அடியாகக் குத்திப் பார்த்து ஊர்ந்து போவது. அரை நாளில் துணி தேய்ந்து சல்லடை ஆகும். கழித்த கோட்டிலிருந்து துண்டு வெட்டி முழங்கையில் இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்துக்கொள்வோம். உங்கள் படத்தில் உள்ள கோட்டும் அதே இடத்தில்தான் கிழிந்திருக்கிறது.

இன்னொன்று பாக்கெட். இதைப் பற்றி யாரும் எழுதுவதே இல்லை. சாப்பருக்கு இடுக்கி வேண்டும், கத்தி வேண்டும், இன்சுலேஷன் டேப், குறிப்பு நோட்டு, பென்சில் எல்லாம் வேண்டும். பழைய ஓஜியில் மார்பில் இரண்டு பாக்கெட். அதன்மேல் வெப்பிங் வார் குறுக்கே ஓடும். பிறகு புல்லட் புரூஃப் ஜாக்கெட் வந்தது, மார்புப் பாக்கெட் முழுசாக அதன் அடியில் போய்விட்டது. ஒரு பென்சில் எடுக்க ஜாக்கெட்டைத் தளர்த்த வேண்டும். தொடைப் பக்கத்தில் பெரிய பாக்கெட் வந்தபோதுதான் நிம்மதி. துணியை யோசிக்கிறவர்கள், அந்தச் சட்டைக்கு மேலே ஆள் என்ன மாட்டிக்கொள்வான் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

இனி நனைவது பற்றி. 1996-ல் சியாச்சின் பனிமலையில் இருந்தேன். அங்கே மழை கிடையாது, ஆறு கிடையாது. ஆனால் நனைவதைப் போல் ஆபத்து வேறில்லை. வேர்வைதான் எதிரி. மைனஸ் முப்பது, நாற்பதில் சுமையோடு ஏறினால் உள்ளே வேர்க்கும். நின்ற அடுத்த பத்து நிமிஷத்தில் அந்த வேர்வை உறையத் தொடங்கும். அதனால் ஏறும்போது ஒரு அடுக்கைக் கழற்றி, நிற்கும்போது உடனே போட வேண்டும். கனமாக ஒரே கோட்டுப் போட்டால் இதைச் செய்ய முடியாது. மெல்லிசாகப் பல அடுக்கு, அதன்மேல் வெள்ளை மேலுடுப்பு. கையுறையிலும் அடுக்குதான். துப்பாக்கி இரும்பில் வெறும் விரல் பட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் தோல் அங்கேயே நின்றுவிடும். எங்களோடு இருந்த ஒருவர் பூட் லேசைக் கட்டக் கையுறையைக் கழற்றினார், அவ்வளவுதான் செய்தார். இரண்டு விரல் நுனி போனது.

2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் சோனம் போஸ்டில் பனிச்சரிவில் உங்கள் 19 மெட்ராஸோடு இருந்த பத்துப் பேர் புதைந்தார்கள். லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை ஆறு நாள் கழித்து உயிரோடு எடுத்தார்கள். பிப்ரவரி 11-ல் அவரும் டில்லி மருத்துவமனையில் போய்விட்டார். நான் பென்ஷன் வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. டிவியில் அந்த வெள்ளை உடுப்பைப் பார்த்ததும் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். எவ்வளவு நல்ல துணியானாலும் அதற்கும் ஓர் எல்லை உண்டு அண்ணே.

1999 கார்கில் படங்களைக் கவனித்துப் பாருங்கள். ஒரே செக்‌ஷனில் ஒருவர் காமஃபிளாஜ், ஒருவர் ஓஜி பேண்ட், ஒருவர் பாதி பாதி. எது கையில் இருந்ததோ, எது சூடாக இருந்ததோ அதைப் போட்டுக்கொண்டு ஏறினார்கள். அந்தப் பாறை சாம்பலும் பழுப்பும். இலைப் பச்சை அங்கே எதற்கும் உதவவில்லை.

*

ஹவில்தார்2024 எழுதியது:

சார், நான் 2004-ல் சேர்ந்து போன வருஷம்தான் வெளியே வந்தேன். அதனால் இரண்டையும் போட்டிருக்கிறேன்.

முதலில் இலை மாதிரி அச்சு போட்ட காமஃபிளாஜ். துணியிலேயே மங்கலாக ஆர்மி முத்திரை இருக்கும். போலி வரக் கூடாது என்று செய்தது. ஆனாலும் அதே மாதிரித் துணி எந்த ஊர்ச் சந்தையிலும் மீட்டர் கணக்கில் கிடைத்தது. கடை வாட்ச்மேன் போட்டார், சின்னப் பையன்கள் போட்டார்கள். அது வேடிக்கையான விஷயம் இல்லை. 2016 ஜனவரியில் பதான்கோட் விமானத் தளத்துக்குள் நுழைந்தவர்கள் ராணுவ உடையில்தான் வந்தார்கள். அதற்குப் பிறகு பொதுமக்கள் அந்தத் துணியை உடுத்த வேண்டாம், கடைகளில் விற்க வேண்டாம் என்று ராணுவம் அறிவித்தது. செக்போஸ்டில் நிற்கிறவனுக்கு இது உயிர்ப் பிரச்சினை. எதிரே வருகிறவன் நம் ஆளா என்பதை உடுப்பை வைத்து ஒரு நொடியில் முடிவு செய்ய வேண்டும், அந்த உடுப்பே யார் வேண்டுமானாலும் வாங்குவதாக இருந்தால் அவன் என்ன செய்வான்?

புதுசு 2022 ஜனவரி 15, ராணுவ தினத்தில் டில்லி பரேடில் முதன்முதலாக வந்தது. பாரா ரெஜிமெண்ட் கமாண்டோக்கள் போட்டு வந்தார்கள். டில்லி நிஃப்ட் ஃபேஷன் கல்லூரி ஆட்களோடு சேர்ந்து பல அச்சு மாதிரி, டிசைன், துணி என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தது. பருத்தி 70, பாலியெஸ்டர் 30. சின்னச் சின்னக் கட்டங்களாக அச்சு. டிசைனை ராணுவத்தின் பேரில் பதிவு செய்துவிட்டதால் வெளியே யாரும் தைத்து விற்க முடியாது.

உங்கள் பேரனுடைய துணி சீக்கிரம் காய்ந்ததற்கு அந்தக் கலவைதான் காரணம், எடையும் குறைவு. சட்டையை பேண்டுக்குள் விடாமல் வெளியே விட்டுப் போடுவதால் காற்று உள்ளே போகும். உள்ளே ஒரு டி-ஷர்ட். முன்பு துணியாகக் கொடுத்து யூனிட் தர்ஜியிடம் தைத்துக்கொள்வோம். நல்ல தர்ஜி கிடைத்தால் அதிர்ஷ்டம். இப்போது அளவு வாரியாகத் தைத்தே வருகிறது, பெண் வீரர்களுக்கும் தனி அளவு உண்டு.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பழைய புல்லட் புரூஃப் ஜாக்கெட் பத்துக் கிலோவுக்கு மேல். அதை எட்டு மணி நேரம் போட்டால் உள்ளே எந்தத் துணியும் காயாது, புதுசும் காயாது. பாலியெஸ்டர் கலந்ததில் நெருப்புப் பொறி பட்டால் சுருங்கி உருகுவதும் உண்டு. சமையல் அடுப்புப் பக்கம் போகும்போது கவனமாக இருப்போம்.

பேரனிடம் ஒரு விஷயம் சொல்லுங்கள். வீட்டில் துவைக்கும்போது பளிச்சென்று வெளுக்கிற சோப்புத்தூள் போடக் கூடாது. அதில் உள்ள மினுக்குப் பொருள் துணியில் தங்கிவிடும், இரவில் பார்க்கிற கருவியில் ஆள் தனியாகத் தெரிவான். சாதாரண சோப்பு போதும். கஞ்சியும் வேண்டாம்.

*

ஆவடித்தையல் எழுதியது:

நான் பட்டாளத்தில் இருந்தவள் இல்லை. ஆவடி ராணுவ உடைத் தொழிற்சாலையில் 1983 முதல் 2017 வரை தையல் பிரிவில் இருந்தேன். நீங்கள் எழுதியதையெல்லாம் நேற்று இரவு இரண்டு முறை படித்தேன். முப்பத்து நாலு வருஷம் தைத்திருக்கிறேன், அது எங்கே போய் எப்படி நனைந்தது என்று இப்போதுதான் தெரிகிறது.

ஒரு சட்டையை ஒருவர் தைப்பதில்லை. ஒருவர் கழுத்துப்பட்டி, ஒருவர் பாக்கெட் மூடி, ஒருவர் கை இணைப்பு என்று வரிசையாகப் போகும். பீஸ் கணக்கு. நான் வெகுகாலம் பேண்டில் உட்பக்கத் தையல் போட்டேன். கிழிந்தால் அங்கேதான் கிழியும் என்று எங்களுக்குத் தெரியும். உட்கார்ந்து எழும்போது இழுபடுவது கவட்டுத் தையல்தான். அதனால் அங்கே துணியின் இரண்டு ஓரத்தையும் ஒன்றுக்குள் ஒன்று மடித்து இரட்டைத் தையல் ஓட்டுவோம். பாக்கெட் மூலைகளில் நெருக்கமாக முட்டுத் தையல் வரும். இன்ஸ்பெக்ஷனில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணிப் பார்ப்பார்கள். குறைந்தால் திரும்பி வரும்.

ஓஜி தைத்தபோது நிறம்தான் பெரிய கவலை. ஒரே பச்சை என்றாலும் ஒரு சுருளுக்கும் இன்னொரு சுருளுக்கும் லேசாக மாறும். உடம்புத் துண்டு ஒரு சுருளிலும் கை வேறு சுருளிலும் வெட்டியிருந்தால் இரண்டு துவைப்புக்குப் பிறகு கை மட்டும் வெளுத்துத் தெரியும். அதனால் வெட்டிய ஒவ்வொரு துண்டிலும் எண் சீட்டு ஒட்டி, அந்த எண்ணோடு அந்த எண்ணைத்தான் சேர்ப்போம். அச்சுத் துணி வந்தபிறகு அந்தக் கவலை கொஞ்சம் குறைந்தது. கண்ணுக்கு வேலை கூடியது. அந்த இலைக்கூட்டத்தில் தையல் கோடு தெரியாது.

முழங்கையைப் பற்றிச் சாப்பர் தம்பி எழுதியது சரி. அந்த இடத்தில் இரண்டாவது துண்டு வைத்துத் தைத்தால் எவ்வளவோ நாள் கூடுதலாக உழைக்கும்.

ஐயா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். முதல் படத்தில் ஓஜி சட்டையின் இடது கையில், முழங்கைக்கு மேலே ஒரு சாண் அளவுக்கு ஒரு தையல் இருக்கிறது. வெள்ளை நூல். மெஷின் தையல் இல்லை, கைத்தையல். பின்தையலாக மிக நெருக்கமாகப் போட்டிருக்கிறது. முதல் இரண்டு விரற்கடை மட்டும் கோணலாக இருக்கிறது. அதற்கு மேல் கை தேர்ந்த ஒருவர் போட்டது. யார் தைத்தது?

*

வெலிங்டன்79 எழுதியது:

அம்மா, உங்கள் கண்ணுக்கு வணக்கம். முப்பத்தெட்டு வருஷத்தில் அந்தத் தையலைப் பற்றி யாரும் கேட்டதில்லை. என் மனைவிகூடக் கேட்கவில்லை.

கோணலாக இருப்பது நான் போட்டது. 1987 நவம்பர். யாழ்ப்பாணத்தில் சாவகச்சேரிக்கு அந்தப் பக்கம் ஒரு ஒழுங்கைச் சந்தில் போய்க்கொண்டிருந்தோம். பனைமட்டை வேலி. கருக்கில் சட்டை மாட்டிக் கையில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்தது. தோலும் கிழிந்தது, அது பெரிதில்லை. ஒரு வீட்டுக் கிணற்றடியில் தண்ணீர் குடிக்க நின்றோம். ஹவுஸ்வைஃபில் பச்சை நூல் தீர்ந்துவிட்டது, இருந்த வெள்ளை நூலைக் கோத்துத் திண்ணையில் உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தேன். அந்த வீட்டில் ஒரு அம்மா இருந்தார். அறுபது வயது இருக்கும். எங்களைப் பார்க்கவே இல்லை. கதவோரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பக்கத்தில் இருந்தவனிடம் நூல் சிக்குகிறது என்று தமிழில் ஏதோ சொன்னேன். அவர் தலை தூக்கினார்.

"நீங்கள் தமிழோ?" என்றார்.

ஆமாம் அம்மா, வேலூர்ப் பக்கம் என்றேன்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சட்டையைப் பார்த்தார். "பிறகேன் இந்த உடுப்பு?" என்றார்.

எனக்கு அப்போதும் பதில் வரவில்லை. இருபத்தாறு வயது. என்ன சொல்வது? அவர் வீட்டு ஓடுகள் பாதி உடைந்து கிடந்தன. அது யார் சுட்டு உடைந்தது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கையை நீட்டினார். சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். உட்கார்ந்து மீதியைத் தைத்தார். நூலைப் பல்லால் கடித்து அறுத்து, சட்டையை மடிக்காமல் அப்படியே திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொண்டார். நான் நன்றி சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று தெரியாது.

பச்சைச் சட்டையில் வெள்ளை நூல் தூரத்திலிருந்தே தெரியும். கிணற்றடியில் வாழை இருந்தது, அந்த இலையைக் கசக்கித் தேய்த்துக்கொண்டு கிளம்பினேன். இரண்டு மழைக்கு அது போய்விட்டது. பிறகு பச்சை நூல் கிடைத்தபோதும் அதைப் பிரிக்கவில்லை. 1990 மார்ச்சில் திருகோணமலையிலிருந்து கப்பல் ஏறும்போதும் அந்தச் சட்டைதான். அந்தக் கையில் மற்ற இடமெல்லாம் நைந்து நூலாகிவிட்டது, அவர் தைத்த இடம் மட்டும் கெட்டியாக இருக்கிறது.

பீரங்கி ஐயாவின் மஃப்ளர் முடிச்சைப் படித்தபோதே இதை எழுத நினைத்தேன், கை வரவில்லை. நீங்கள் கேட்டதால் எழுதினேன்.

சாப்பர் தம்பிக்கு: முழங்கைத் துண்டு விஷயத்தைப் பேரனிடம் காட்டினேன். டிஜிட்டலில் தானாக எதுவும் தைத்துக்கொள்ள முடியாது என்றான். ஹவில்தார் தம்பி சொன்ன சோப்பு விஷயத்தை அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன், பழைய சோப்புத்தூள் டப்பாவைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டாள்.

ஓஜி சட்டையை ஒரு மணி நேரம் நிழலில் உலர்த்தி, வேப்பிலை போட்டு மறுபடி பெட்டியில் வைத்தேன். பேரன் முந்தாநாள் கிளம்பினான். வடக்கே, குளிர்ப் பிரதேசம். போகும்போது அங்கோலாவை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டான். அரிக்கும்டா என்றேன். "உள்ளேதானே சின்ன தாத்தா" என்றான்.